தொண்ணூற்று மூன்று

கூரியர்க்காரர் மேலே ஏறி வரமாட்டார்.
மூஞ்சிக்கல்லில் காத்துநின்று வாங்கிக்கொண்டேன்,
சோப்புப்பெட்டி அளவில் ஒரு பொட்டலம்.

இதற்கா மூன்று வாரம் யோசித்தேன் என்று எனக்கே வெட்கம்.
ப்ளூடூத் வகை பார்க்க அழகு.
எங்கள் சமையலறைச் சுவரோ ஒன்றரை அடிக் கருங்கல்,
எந்த நீலப்பல்லும் அதில் பதியாது.
வைஃபை வகை, கரண்ட் போனால் குருடு.
நாயுடுபுரத்தில் காற்றடித்தால் கரண்ட் போகும்,
அடிக்காவிட்டாலும் போகும்.
கடைசியில் ரேடியோ.
கம்பி இரண்டு: கறிக்குள் ஒன்று, புகைக்குள் ஒன்று.
சட்டைப்பையில் போட ஒரு சின்னத் திரை.
முந்நூறு அடி எட்டும் என்றது அட்டை.
எந்த ஊர் அடியோ.

சோதித்துப் பார்க்கக் கொதிக்கிற தண்ணீரில் விட்டேன்.
தொண்ணூற்று மூன்று.
இன்னும் கொதிக்கவிட்டேன்.
தொண்ணூற்று மூன்று.
நூறு என்று அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் பள்ளியில்,
பிரம்பாலும் அடித்து.
திருப்பி அனுப்பப் பொட்டலம் கட்டி டேப்பும் ஒட்டிவிட்டேன்.

ஜெசிந்தா பருப்பை இறக்கிக்கொண்டே சொன்னாள்:
"தூத்துக்குடியில் மூணு விசில். இங்கே ஆறு.
நான் குக்கரைத் திருப்பி அனுப்பினேனா?"

டேப்பைப் பிரித்தேன்.
ஐஸ் தண்ணீரில் சுத்தமாகப் பூச்சியம் காட்டியது.

ஞாயிறு அக்சீலியாவுக்குப் புதுநன்மை.
சனி இரவு ஒன்பதுக்கு எண்ணெய் டிரம்மில் தீ வைத்தேன்,
போன புயலில் விழுந்த பேரிமரக் கிளைகள்.
யூகலிப்டஸ் கூடாது,
கறி இருமல் மருந்தாகிவிடும்.
நாலு கிலோ முன்னந்தொடை, உப்பு, மிளகு, அவ்வளவுதான்.
புகை நூற்றுப்பத்தில் நிற்கவேண்டும்.
நின்றது, நான் நிற்கவில்லை,
ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன்.

ஒரு மணிக்கு அறுபத்தேழு.
ஒன்றரைக்கு அறுபத்தேழு.
இரண்டுக்கும்.
கறி வியர்க்கும் நேரம் இது,
வியர்த்து வியர்த்துத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும்,
மேலே விறகு போட்டால் கோபித்துக்கொள்ளும்.
தெரியும். தெரிந்தும் ஒரு கட்டையோடு கதவைத் திறந்தேன்.

டிரம்முக்கும் எனக்கும் நடுவில்
இருட்டைவிடக் கறுப்பாக ஒன்று.
பிறகு நாலு காலிலும் வெள்ளை உறை தெரிந்தது.
காட்டுமாடு.
ஒற்றை. கிழடு. சூட்டுக்கு வந்திருக்கிறது.
கதவைச் சாத்தினேன், குழந்தையின் கண்ணிமையைச் சாத்துகிற மாதிரி.

திரையில் எண் இல்லை. மூன்று கோடு.
ஒரு டன் உடம்பு குறுக்கே நின்றால்
ரேடியோ எந்த வழியாகப் போகும்?
தரையில் உட்கார்ந்து கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதன் மூச்சு கேட்டது.
கறி கேட்கவில்லை.

மூன்றரைக்குக் கீச்சென்றது.
எழுபத்தொன்று.
ஜன்னலில் மூடுபனி மட்டும்.
என் கட்டை விறகு கையிலேயே இருந்தது.

மைத்துனன் ரோச் அதிகாலையில் போன் செய்தான்:
"தொண்ணூற்றைந்து வராமல் எடுத்துடாதே."
அவன் வாசலில் கடல். அவனுக்குச் சரி.
இங்கே தண்ணீரே தொண்ணூற்று மூன்றில் ஆவியாகும்போது
தண்ணீர் சுமந்த கறி எங்கே ஏறும்?
ஏழு மணிக்குத் தொண்ணூறு. ஏழேகாலுக்கும் தொண்ணூறு.
கம்பியைப் பிடுங்கி வேறிடத்தில் குத்தினேன்,
வெந்த சேப்பங்கிழங்கில் போவதுபோலப் போனது.
போதும் என்று இறக்கிக்
கம்பளியில் சுற்றி வைத்தேன்.
ரோச்சிடம் தொண்ணூற்றைந்து என்றேன்.
பாவசங்கீர்த்தனம் அடுத்த வாரம்தான்.

ஒன்பது மணிப் பூசைக்கு நடந்தோம்,
அக்சீலியா வெள்ளை கவுனைச் சேற்றுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி.
ஈர மண்ணில் குளம்புத் தடம், சாப்பாட்டுத் தட்டுப்போல.
கொய்யா வளைவில் என் பையில் கீச்சென்றது.
அணைக்க மறந்த திரை, மூன்று கோடு.
நின்று திரும்பி அடியெண்ணப் போனேன்.
"இப்பவா?" என்றாள் ஜெசிந்தா.

சாயங்காலம் எண்ணினேன். நூற்றுப் பத்து.
முந்நூறு இங்கே அவ்வளவுதான்.